துக்கத்திற்குத் தகுதி பார்க்கலாமா?

2024ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாளும் அதனை அடுத்து வந்த நாள்களும் கள்ளக்குறிச்சி மக்களின் நினைவிலிருந்து எளிதில் அகலக்கூடியவை அல்ல. நகரத்தின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்திய கூலித் தொழிலாளர்கள் வயிற்றுவலியாலும் வாந்தியாலும் பார்வை மங்கியதாலும் துடித்து விழுந்தனர். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, விழுப்புரம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று பல இடங்களுக்கும் அவர்கள் கொண்டு செல்லப்பட்டனர். 60க்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. இறந்தோருள் பெண்களும் இருந்தனர். அடுத்தடுத்த வீடுகளில் ஒரே நேரத்தில் சாவு விழுந்தமையால், ஆறுதல் சொல்ல வேண்டிய அண்டை வீட்டாரே ஆறுதலுக்கு ஏங்கி நின்றனர்.

அந்த வாரம் ஜூன் 21 வெள்ளிக்கிழமை. ஜும்ஆ உரையில் நாம் மதுவின் தீமையைப் பற்றிப் பேசினோம். மது தீமைகளின் தாய் என்பதற்குச் சான்றுகளை அடுக்கினோம். கருணாபுரத்தையே உதாரணமாகக் காட்டினோம். பேசியவற்றுள் பொய் எதுவும் இல்லை. தொழுகையாளிகளும் பாராட்டிச் சென்றனர்.

சில நாள்கள் கழித்து, நாம் பணியாற்றும் கல்லூரி வளாகத்தைப் பெருக்கித் துப்புரவு செய்ய வரும் பெண்மணி நம்மிடம் வந்து நின்றார். ஒலிபெருக்கியில் நமது உரையை அவரும் கேட்டிருக்கிறார். இறந்தவர்களில் ஒருவர் அவருடைய உடன்பிறந்த தம்பி என்பது நமக்கு அப்போதுதான் தெரிந்தது. "குடிச்சான்தான் அஜரத்து, இல்லேன்னு சொல்லல. ஆனா அவன் எனக்குத் தம்பி. அவனுக்காக அழுதா, குடிச்சிட்டுச் செத்தவனுக்கு என்னத்துக்கு அழுவுறேன்னு கேக்குறாங்க. நான் எங்க போயி அழுவுறது?" என்றார்.

நாற்பது நிமிடம் பேசிய நம்மிடம் அந்தக் கேள்விக்கு விடையில்லை. தீமையைக் கண்டித்தோம், துக்கத்தைக் கண்டுகொள்ளவில்லை. துக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று நாம் அறியாமலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தோம். மன உணர்வுகளைப் புரிந்துகொள்வதும், உறவுகளின் வழியே அவற்றை ஆற்றுவதும் குறித்து நாம் இங்கு எழுத முற்படுவது அந்தக் கேள்விக்குக் காலம் தாழ்ந்து தேடிய விடையே ஆகும்.

முடிச்சிட்ட மூன்று உணர்வுகள்

ஒருவர் முதுமையிலோ நோயிலோ இறந்தால் அவருடைய குடும்பத்தாரின் உள்ளத்தில் பெரும்பாலும் ஓர் உணர்வே மேலோங்கி நிற்கும்: துக்கம். அதை அவர்கள் வெளியிடலாம். ஊர் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் கருணாபுரத்தில் இறந்தவரின் மனைவிக்கு அவ்வாறு இல்லை. அவருடைய உள்ளத்தில் மூன்று உணர்வுகள் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கிடக்கின்றன. இழந்துவிட்டோமே என்ற துக்கம் ஒன்று. ஊரார் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம் மற்றொன்று. எத்தனை முறை சொல்லியும் கேளாமல் பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டுச் சென்றாரே என்ற கோபம் மூன்றாவது.

இம்முடிச்சின் இயல்பு என்னவெனில், ஓர் உணர்வு மற்றொன்றை வெளிவராமல் தடுப்பதாகும். அழ நினைத்தால் வெட்கம் தடுக்கிறது. கோபப்பட நினைத்தால் இறந்தவரைக் குறை கூறலாமா என்ற குற்றவுணர்வு தடுக்கிறது. வெட்கத்தைப் பிறரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்றாலோ துக்கம் தொண்டையை அடைக்கிறது. வெளியே பார்ப்போருக்கு அப்பெண் உணர்ச்சியற்றவராகத் தோன்றுகிறார். 'கல்நெஞ்சக்காரி' என்ற பட்டமும் சேர்ந்துகொள்கிறது.

இதனோடு பணமும் சேர்ந்தது. இறந்தோர் குடும்பத்திற்குத் தலா 10 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தபோது, 'குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?' என்ற கேள்வி தேநீர்க் கடைகளிலிருந்து உயர் நீதிமன்றம் வரை சென்றது. அரசுப் பணத்தை எவ்வாறு செலவிட வேண்டும் என்று கேட்பது குடிமகனின் உரிமை. அதில் நாம் குறை காணவில்லை. ஆனால் அக்கேள்வி, கணவரை இழந்த பெண்ணின் காதில் வேறு விதமாக விழுந்தது. இழப்புக்கு விலை வாங்கிக்கொண்டவர் இனி அழக்கூடாது என்ற பொருளிலேயே அது சென்று சேர்ந்தது.

சொற்கள் காட்டும் வேறுபாடு

உணர்வைப் புரிந்துகொள்வதன் முதற்படி அதற்குச் சரியான பெயரிடுவதாகும். வலி எங்கே என்று நோயாளி காட்டாதவரை மருத்துவர் மருந்தளிக்க இயலாது. அரபு மொழி அறிஞர்கள் இதில் மிகுந்த நுட்பம் காட்டியுள்ளனர். நடந்து முடிந்த இழப்பைக் குறித்த வருத்தம் 'ஹுஸ்ன்' எனப்படும். நாளை என்ன ஆகுமோ என்ற கவலை 'ஹம்ம்' ஆகும். இந்நேரத்தில் நெஞ்சை மூடி அழுத்தும் துயரம் 'ஃகம்ம்' எனப்படும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த பிரார்த்தனையில் ஹம்மும் ஹுஸ்னும் தனித்தனியே சொல்லப்படுவதை அறிஞர்கள் சுட்டிக்காட்டுவர். இரண்டும் ஒன்றாயின் இரு சொற்கள் தேவைப்பட்டிரா.

இந்த வேறுபாடு வெறும் இலக்கண விளையாட்டன்று. கணவரை இழந்த பெண்ணிடம் 'கவலைப்படாதே, அரசு உதவி செய்யும்' என்கிறோம். அது ஹம்முக்குரிய மருந்து. அவரை அந்நேரத்தில் வாட்டுவதோ ஹுஸ்ன். மருந்து மாறிப்போவதால் நோவு தணிவதில்லை. 'நான் சொல்வது இவர்களுக்குப் புரியவில்லை' என்ற தனிமையும் கூடுகிறது.

கோபத்திற்கும் இவ்வாறே ஒரு சொல் உண்டு. கோபத்தை அடக்குவதைக் குறிக்கும் 'கழ்ம்' என்னும் சொல்லின் வேர்ப்பொருள், நீர் நிரம்பிய தோற்பையின் வாயைக் கட்டுவது என்பதாகும். பை நிரம்பியிருக்கிறது என்பதை அச்சொல் மறுக்கவில்லை. வெடித்துச் சிதறிப் பிறரைக் காயப்படுத்தாமல் கட்டச் சொல்கிறது, அவ்வளவே. கட்டிய பையைக் காலமெல்லாம் தோளில் சுமக்கச் சொல்லவில்லை. திருமறையின் மூன்றாம் அத்தியாயத்தில் கோபத்தை விழுங்குவதையடுத்து மன்னிப்பதும், அதனையடுத்து நன்மை செய்வதும் சொல்லப்படுவதை விரிவுரையாளர்கள் படிகளாகவே காண்பர். இறந்துபோன கணவரின்மீது கோபம் வருவது பாவமன்று. அதை ஒப்புக்கொண்டால்தான் மன்னிக்கும் படிக்கு ஏற இயலும்.

கண்ணொளி இழந்த தந்தை

அதே வேர்ச்சொல் யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றிலும் வருகிறது. மகன் யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த அத்தந்தை, துக்கத்தை உள்ளே அடக்கி அடக்கிக் கண்கள் வெளுத்துப் போனதாகத் திருமறை கூறுகிறது. அவருடைய துக்கம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். மகன் இறந்ததற்கு உடல் இல்லை. உயிருடன் இருப்பதற்குச் செய்தி இல்லை. காரணமானவர்களோ வீட்டிலேயே இருக்கும் மற்ற பிள்ளைகள். துக்கமும் கோபமும் சந்தேகமும் பாசமும் ஒரே நெஞ்சில் முடிச்சிட்ட நிலை அது.

அப்பிள்ளைகள் தந்தைக்கு ஆறுதல் சொல்லவில்லை. யூசுஃபையே நினைத்து நினைத்து நீர் அழிந்துதான் போவீர் என்று கடிந்துகொண்டனர். 'இன்னுமா அழுகிறாய்?' என்று நாம் கேட்பதும் இதுவேயன்றோ? அவர் தமது துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகக் கூறினார். பொறுமைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படும் ஓர் இறைத்தூதர் அழுதார் என்பதையும், முறையிட்டார் என்பதையும் திருமறை மறைக்கவில்லை. பொறுமை என்பது அழாமல் இருப்பது அன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார்கள். இறைவனுக்குப் பொருந்தாத சொல்லை மட்டுமே தவிர்த்தார்கள்.

பல்கீ காட்டிய மருத்துவம்

ஹிஜ்ரி 235 வாக்கில், அதாவது கி.பி. 850ஐ ஒட்டி, இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு நகரத்திற்கு அருகே பிறந்த அபூஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்கள் பெரும்பாலும் புவியியல் அறிஞராகவே அறியப்படுகிறார்கள். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அவர்கள், 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை எழுதினார்கள். உடல்களின் நலமும் உள்ளங்களின் நலமும் என்பது அதன் பெயர்ப்பொருள். இஸ்தான்பூலில் கையெழுத்துப் படியாக இருந்த இந்நூல் 1984இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் நிழற்பட நகலாக வெளியிடப்பட்டது. உளவியல் அறிஞர் மாலிக் பத்ரி அதன் உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013இல் வெளியிட்டார்.

பல்கீ (ரஹ்) அவர்கள் உள்ளத்தின் நோவுகளைக் கோபம், அச்சம், துக்கம், ஓயாமல் அலைக்கழிக்கும் எண்ணங்கள் என நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள். உடல்நோய் இல்லாமல் பல நாள்களை ஒருவர் கழித்துவிடலாம், உள்ளத்தின் சஞ்சலமோ அன்றாடம் வருவது, ஆகவே அதனைக் கவனியாது விடுவது அறிவுடைமை ஆகாது என்பது அவர்களின் வாதம்.

துக்கத்தை அவர்கள் இருவகையாகப் பகுத்தது மிகவும் கருதத்தக்கது. இன்ன இழப்பால் வந்தது என்று காரணம் தெரிந்த துக்கம் ஒருவகை. காரணமே தெரியாமல் உள்ளத்தைக் கவ்விக்கொள்ளும் துக்கம் மற்றொரு வகை. இது உடலின் கோளாற்றிலிருந்து எழுவது, இதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்றார்கள். இழப்பினால் வரும் துயரத்தையும் மருந்து தேவைப்படும் மனச்சோர்வையும் இன்றைய மருத்துவம் பிரித்துப் பார்ப்பதை நாம் அறிவோம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அப்பாதையில் நடந்த ஓர் அறிஞர் நம்மிடையே இருந்திருக்கிறார்.

சிகிச்சையையும் அவர்கள் இரண்டாக்கினார்கள். ஒருவர் தமக்குள்ளிருந்தே திரட்டும் நல்லெண்ணங்கள் அகமருந்து. மனம் அமைதியாக இருக்கும் நாள்களிலேயே இவற்றைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் அறிவுரை. பிறர் சொல்லும் ஆறுதலும் அறிவுரையும் புறமருந்து. துயருற்றவரின் சிந்தனை துயரத்தினால் ஆட்கொள்ளப்பட்டிருப்பதால், தம் அறிவைவிடப் பிறர் சொல்லே அவருக்கு அந்நேரத்தில் அதிகம் பயன்படும் என்பது அவர்கள் கருத்து. எண்ணங்கள் அலைக்கழிக்கும்போது தனிமையைத் தவிர்த்து மக்களோடு இருக்குமாறும் கூறினார்கள். சுருங்கச் சொன்னால், உறவு என்பது மருந்து. அம்மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு 'நீ இதற்குத் தகுதியானவரா?' என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இக்கால ஆய்வு கூறுவது

சமூகம் ஒப்புக்கொள்ள மறுக்கும் துக்கத்திற்கு இன்று தனிப் பெயரே உண்டு. அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். உறவை ஊர் ஏற்காதபோதும், இழப்பை இழப்பாகக் கருதாதபோதும், இறந்த விதம் இழிவாகப் பார்க்கப்படும்போதும் துக்கப்படும் உரிமை பறிக்கப்படுகிறது என்பதே அதன் சாரம். தற்கொலையால் இறந்தோரின் குடும்பங்களும் போதையால் இறந்தோரின் குடும்பங்களும் இந்நிலைக்கு ஆளாகின்றன.

இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுனும் டிர்ரில் ஹாரிஸும் இலண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே ஆய்ந்து 1978இல் வெளியிட்ட நூல், மனச்சோர்வின் சமூகக் காரணங்களை ஆராய்ந்தது. பெருந்துன்பம் நேர்ந்தபோது மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாத பெண்கள் மனச்சோர்வுக்கு அதிகம் ஆளாயினர் என்று அவர்கள் கண்டனர். பல்கீயின் புறமருந்து என்னும் கருத்து இங்கு வேறொரு வடிவில் வருகிறது.

துக்கம் எல்லை கடந்து நோயாவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதங்களுக்கு மேலும் அன்றாட வாழ்வையே முடக்கிப்போடும் நீடித்த துக்கத்தை அது தனி நோயாக ஏற்றுள்ளது. அழுத துக்கத்தைவிட அழவிடாத துக்கமே அந்நிலைக்கு எளிதில் சென்றுவிடும் என நாம் அஞ்சுகிறோம்.

மலைமேல் விழுந்த பழி

தனிமனிதரை வாட்டும் இவ்வெட்கம் ஒரு வட்டாரத்தையே வாட்டுவதும் உண்டு. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையின் பெயரைச் சொன்னாலே பலருக்கும் நினைவில் வருவது சாராய ஊறலும் காவல்துறைச் சோதனையுமே. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வரலாறு நமக்குத் தெரிவதில்லை. 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. 2024இல் கருணாபுரத்தின் துயரத்திற்குப் பின்னர், இம்மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், கல்வி ஆகியவை அவ்விசாரணையில் பேசப்பட்டன.

கருணாபுரத்தில் உயிர் குடித்த மெத்தனால் மலையில் காய்ச்சப்பட்டதன்று. அது தொழிற்சாலைகளில் பயன்படும் வேதிப்பொருள். உடலுக்குள் சென்றதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைத் தாக்கும் நஞ்சு. ஆயினும் பழி மலைமேலும் விழுந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து நகர விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், தம் ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கும் நிலையை அது உண்டாக்கும். வெளியூர்களுக்குக் கூலி வேலை தேடிச் சென்ற ஆண்கள் திரும்பும்வரை வீட்டையும் பிள்ளைகளையும் தனியே சுமக்கும் பெண்ணுக்கு, மனநல மருத்துவர் பல மைல் தொலைவில் இருக்கிறார். ஆகவே அங்கே முதல் மருந்து அண்டை வீட்டாரும் ஆசிரியரும் கிராமச் செவிலியருமே ஆவர்.

நாம் செய்யத் தக்கவை

மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று கூறி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சாபத்தைத் தடுத்ததை உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரீயில் உள்ளது. செயல் தண்டிக்கப்பட்டது, மனிதர் கைவிடப்படவில்லை. யூதர் ஒருவரின் இறுதி ஊர்வலம் கடந்து சென்றபோது எழுந்து நின்ற நபியவர்கள், அதுவும் ஓர் உயிரல்லவா என்று வினவியதும் அதே நூலில் உள்ளது. எனவே சமயம் வேறு என்பதும், இறந்த விதம் தவறு என்பதும் ஆறுதலை மறுக்கக் காரணங்கள் ஆகா.

எவ்வாறு ஆறுதல் சொல்வது? முஅத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் வீழ்ந்த செய்தி வந்தபோது, அவர்களின் குடும்பத்திற்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். சொல்லுக்கு முன் சோறு. துக்க வீட்டிற்குச் செல்வோர் எப்படி இறந்தார் என்று துருவாமல், எப்படி வாழ்ந்தார் என்று கேட்கலாம். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. மூன்றாம் நாளோடு நிறுத்திவிடாமல் மூன்றாம் மாதமும் செல்ல வேண்டும். கூட்டம் கலைந்த பிறகே தனிமை தொடங்குகிறது.

குழந்தைகளிடம் உண்மையை எளிய சொற்களில் சொல்ல வேண்டும். 'அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்' என்பது ஆறுதலாகாது. பள்ளியிலும் மதரஸாவிலும் 'சாராயத்தில் செத்தவர் பிள்ளை' என்று ஒரு குழந்தை சுட்டப்படுமாயின், அக்கணமே ஆசிரியர் அதைத் தடுத்தாக வேண்டும்.

உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு எழுமாயின், அது மருத்துவரை நாட வேண்டிய நேரம். துக்கத்தை மறக்க எஞ்சியவரும் குடியை நாடத் தொடங்குவதும் அத்தகைய அறிகுறியே. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழக அரசின் சேவையை 104 என்ற எண்ணிலும் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம். ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடுதல் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். மனநோயை வெட்கமாகக் கருதி மறைத்த சமூகம் கொடுத்த விலை அது. துஆவும் வேண்டும், தவாவும் வேண்டும்.

அப்பெண்மணியிடம் பின்னொரு நாள் நாம் சென்று, அவர் தம்பியைப் பற்றிக் கேட்டோம். சிறுவயதில் ஏரிக்கரையில் இருவரும் மாடு மேய்த்ததையும், தமக்குக் கல்யாணமான அன்று வண்டிக்குப் பின்னாலேயே அவன் அழுதுகொண்டு ஓடிவந்ததையும் சொன்னார். சொல்லச் சொல்ல அழுதார். நாம் மது பற்றி எதுவும் பேசவில்லை. அது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பேசி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் பேரைச் சொல்லி இன்னைக்குத்தான் ஒருத்தரு கேட்டீங்க" என்றார்.

தீமையை வெறுக்கும் உறுதியையும், துக்கத்தின் முன் தீர்ப்புக் கூறாமல் அமர்ந்திருக்கும் மென்மையையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் சேர்த்தே வழங்குவானாக!